நாலாவது வரி

நாகலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே 'அமுதா ஜெராக்ஸ்' என்று ஒரு கடை இருக்கிறது. அமுதா நான்தான். முழுப் பெயர் அமுதவல்லி; போர்டில் இடம் போதவில்லை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, காணாமல் போன ஆட்டுக்கு அறிவிப்பு எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் உருவாகும். தேர்தல் வந்தால் நோட்டீசும் அப்படித்தான். இந்த மலையில் யார் தங்கள் கொள்கையை மாற்றினாலும் முதலில் தெரிந்துகொள்வது நான். பழைய ஃபைலைத் திறந்து வெட்டி ஒட்டுவது வேறு யார்?

இந்த முறை ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் பெரிய கட்சி கரடியூர் வெங்கடேஷ் அண்ணனை நிறுத்தியது. பெரிய கட்சி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், எனக்குப் பிழைப்பு இருக்கிறது. வெங்கடேஷ் அண்ணன் மலை விவசாயி. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஆரஞ்சு, கொஞ்சம் சாமை. நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசத் தெரியாது. அதனாலேயே கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் சொன்னதுதான் சரி என்று தலையாட்டிவிடுவார்.

முதல் நோட்டீசில் ஏழு வாக்குறுதிகள். 'மலையில் வாழும் அனைவருக்கும்' என்று தலைப்பு. நாலாவது வாக்குறுதி இது: 'எஸ்டேட் லயன்களில் வாழும் நாற்பத்தொரு குடும்பங்களுக்கும் வீட்டுமனைப் பட்டா பெற்றுத் தருவோம்.'

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று என் அம்மா பூவாயி. முப்பத்தெட்டு வருஷமாகக் காப்பிப் பழம் பறிக்கிறாள். இந்த வருஷப் பறிப்பு முடிந்தால் ஓய்வு. எஸ்டேட்டில் ஓய்வு என்றால், தொழிலாளிகளுக்கு எஸ்டேட் கொடுத்திருக்கும் லயன் என்ற வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அர்த்தம். என் கடைக்குப் பின்னால் நான் குடியிருக்கும் அறையில் ஒருவர் படுத்தால் இன்னொருவர் நிற்க வேண்டும். அம்மாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. பட்டா வந்தால் ஒரு தகரக் கூரையாவது போட்டுக்கொள்ளலாம் என்று மூன்று தேர்தலாகக் காத்திருக்கிறாள்.

மூன்று தேர்தலிலும் அந்த வாக்குறுதி நாலாவதாகத்தான் இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். நோட்டீஸ் கைக்கு வந்ததும் மேலிருந்து விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கி நாலில் நிறுத்துவாள். "இதானே கண்ணு?" என்பாள். ஆமாம் என்பேன். சோற்றுப் பருக்கை தடவிச் சுவரில் ஒட்டிவிடுவாள். அதற்கப்புறம் கட்சிக்காரர்கள் யார் வந்து என்ன பேசினாலும் அவளுக்குக் கவலையில்லை. நாலாவது வரி சுவரில் இருக்கிறது.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தது மலைக்காவல் சேனை.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மொத்தம் ஐந்து பேர், ஒரு கொடி, ஒரு செல்போன். தலைவர் ரஞ்சித். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வைத்திருக்கும் தம்பி. சனி ஞாயிறுகளில் பெங்களூர்க்காரர்களுக்குச் சூடு தண்ணீர் போட்டுக் கொடுப்பார். திங்கட்கிழமை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, 'மலை மலைக்காரர்களுக்கே' என்று வீடியோ போடுவார். எஸ்டேட் ஜனங்கள் கீழே இருந்து ஏறி வந்தவர்கள், அவர்களுக்கு இங்கே ஒரு அடி மண்கூடக் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய வாதம். எங்கள் கொள்ளுத் தாத்தா ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். வந்து நாலு தலைமுறை ஆகிறது. அது ரஞ்சித் கணக்கில் நேற்று.

அவருக்கு விழும் ஓட்டு எத்தனை என்று மலையில் எல்லாருக்கும் தெரியும். அவர் அம்மாவே போடுவது சந்தேகம். ஆனால் வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். யார் அந்த நாற்பதாயிரம் பேர்? எங்கள் ஒன்றியத்தில் அத்தனை ஓட்டே கிடையாது. இதை யாரும் யோசிக்கவில்லை. சேலத்தில் பெரிய கட்சியின் தகவல் பிரிவில் பாலகுமார் என்று ஒரு இளைஞர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேர்த்துவிட்டது.

பாலகுமார் எனக்கே போன் செய்தார். மலை மக்களின் உணர்வு மாறிக்கொண்டிருக்கிறதாம், அதை நாம் சேனைக்காரர்களிடம் விட்டுவிடக் கூடாதாம். அதனால் தலைப்பில் 'மலையில் வாழும் அனைவருக்கும்' என்பதை 'மலை மக்களுக்கு' என்று சுருக்கச் சொன்னார். சுருக்கினேன். சின்னத் திருத்தம்தானே, எழுத்தும் பெரிதாக வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை ரஞ்சித்தின் வீடியோ வந்தது. பெரிய கட்சி எங்கள் வார்த்தையைத் திருடிவிட்டது, ஆனால் மலை மக்கள் யார் என்று சொல்லப் பயப்படுகிறது என்றார். பாலகுமாரிடமிருந்து மறுபடி போன். இந்தத் தடவை 'மண்ணின் மைந்தர்களுக்கு'. அதற்கடுத்த வாரம் நாலாவது வாக்குறுதியில் 'தகுதியுள்ள' என்று ஒரு சொல் நுழைந்தது. ரஞ்சித் ஓரடி தள்ளி நிற்பார். பெரிய கட்சி அவரைப் பிடிக்க ஓரடி ஓடும். அவர் இன்னும் ஓரடி தள்ளிப் போவார். ஐந்து பேர் இருந்த இடத்திலேயே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, அறுபது வருஷத்துக் கட்சி மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'மக்களைப் பிரிக்கும் மலைக்காவல் சேனையை வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று ஒரு கண்டன அறிக்கையையும் பாலகுமார் அனுப்பினார். அதையும் நோட்டீசையும் ஒரே மத்தியானத்தில் அடித்தேன். ஒரே மேஜையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்போது ரஞ்சித் ஆதார் நகலெடுக்க வந்தார். மேஜையைப் பார்த்தவர் நோட்டீசைக் கையில் எடுத்து மனம் குளிர்ந்து வாசித்தார்.

"நம்ம நோட்டீசு எப்பங்க அக்கா அடிச்சீங்க? நான் இன்னும் எழுதியே தரலீங்களே."

அது உங்களுடையது இல்லை என்றேன். கீழே சின்னத்தைப் பார்த்தார். தான் எழுத வேண்டியதை வேறு ஆள் எழுதிவிட்ட வருத்தம் முகத்தில் தெரிந்தது. போகும்போது, எஸ்டேட் ஆட்கள் என்று தான் சொல்வது என்னை இல்லை, நான் நம்ம ஆள் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். பிறகு யாரைச் சொல்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். நான் ஆதாரின் பின்பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது நாலாவது வாக்குறுதி காணாமலே போனது. அந்த இடத்தில் 'மலையின் அடையாளம் காப்போம்' என்று போடச் சொன்னார்கள். வெங்கடேஷ் அண்ணன் கடைக்கு வந்து, தன் நோட்டீசைத் தானே வாங்கிப் படித்தார். அவர் காது சிவந்தது.

"வெறும் வார்த்தைதானுங்க அமுதா. என்ற மனசுல அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஜெயிச்சுப் போட்டு எல்லாருக்கும் செஞ்சு குடுத்தர்லாம்" என்றார்.

அவர் மனதில் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் சுவரில் ஒட்டுவது அவர் மனதை இல்லையே. இதை நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இரண்டாயிரம் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் லயனுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே நோட்டீஸ் போய்விட்டது. அம்மா பறிப்புக் கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு, விரலை வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் நிறுத்தினாள். விரல் நுனியில் 'அடையாளம்' இருந்தது.

"இதானே கண்ணு?"

"ம்" என்றேன்.

வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது. அம்மா பருக்கை தடவி ஒட்டினாள். ஒரு முனை கிளம்பியது. என்னையே அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

கடைசிப் பொதுக்கூட்டம் கரடியூர்க் கோயில் திடலில் என்று முடிவானது. வெங்கடேஷ் அண்ணனின் பேச்சைப் பாலகுமார் சேலத்திலிருந்து அனுப்பினார். அதன் நடுவில் ரஞ்சித்தின் வீடியோவில் வரும் கேள்வி அப்படியே இருந்தது. கொஞ்சம் நொண்டியடித்த வாக்கியம். இங்கே என் இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நொண்டும் வாக்கியத்தை என்னால் சும்மா விட முடியாது. யாருக்காக, எதற்காக என்று பார்க்காமல் நிமிர்த்தி வைத்துவிடுவேன். நான் நிமிர்த்தியபின் அது இப்படி இருந்தது: 'இந்த மலைக்கு எங்கிருந்தோ வந்தவர்கள் யார்? நீங்களே சொல்லுங்கள்.' அதற்கடுத்த வரி, 'அவர்களுக்கு இங்கே இடமில்லை என்று உரக்கச் சொல்லுங்கள்.' படித்துப் பார்த்தேன். நன்றாகவே வந்திருந்தது.

கூட்டத்துக்கு ஆள் போதவில்லை. பறிப்புக் காலத்தில் யார் வருவார்கள்? நாலு மணிக்குக் கட்சி ஜீப்பை எங்கே அனுப்பினார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் லயனுக்குத்தான். எங்கிருந்தோ வந்தவர்களுக்கு இடமில்லை என்று சொல்லப்போகும் கூட்டத்தில் இடத்தை நிரப்ப எங்கள் ஜனங்கள் தேவைப்பட்டார்கள். அம்மா தலை சீவி, நல்ல சேலை கட்டி, ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். திடலில் முதல் வரிசையில் வெங்கடேஷ் அண்ணனின் அம்மா மாதம்மாள் இருந்தார். தன் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

கரடியூர்த் திடலில் ஒரு வழக்கம் உண்டென்று கேள்விப்பட்டிருந்தேன், அதுவரை பார்த்ததில்லை. கல்யாணமோ பஞ்சாயத்தோ கட்சிக் கூட்டமோ, அங்கே எது நடந்தாலும் முதலில் 'வந்த வழி' சொல்ல வேண்டும். மலைக்காரர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து சாமியைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு இந்த மலைக்கு ஏறி வந்த கதை. பூசாரி பெரியண்ணன் ஒவ்வொரு இடமாகச் சொல்லுவார். ஒவ்வொரு இடத்துக்கும் ஜனங்கள் 'வந்தோம் சாமி' என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த இடத்துக்குப் போகமாட்டார்.

அன்றைக்கும் பெரியண்ணன் மைக்கை ஒதுக்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"காஞ்சிய வுட்டு."

"வந்தோம் சாமி."

"பாலாறு தாண்டி."

"வந்தோம் சாமி."

முள்ளுக்காடு மிதித்து, பசியோடு படுத்து, தண்ணீர் கொடுத்தவர்களை வாழ்த்தி, தண்ணீர் கொடுக்காதவர்களை வாழ்த்தாமல் விட்டு, அரை மணி நேரம் ஆனது. வெங்கடேஷ் அண்ணனும் மேடையில் கை கூப்பி நின்று ஒவ்வொன்றுக்கும் வந்தோம் சாமி என்றார். கண்ணை மூடிக்கொண்டு, மனதாரச் சொன்னார். பாலகுமாரின் பேச்சு சட்டைப் பையில் இருந்தது. வாய்க்கும் சட்டைப் பைக்கும் நடுவில் நாலு விரற்கடை தூரம்தான். இருந்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. மேடை ஓரத்தில் நின்றிருந்தேன். அந்தக் கேள்வியை விட்டுவிடச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுக்கவில்லை. இதை மட்டும் நான் குற்றமாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திடலின் மறுபக்கத்தில் ரஞ்சித் செல்போனைத் தூக்கிப் பிடித்து நேரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

வந்த வழி முடிந்தது. வெங்கடேஷ் அண்ணன் தாளை எடுத்தார். ரோடு, தண்ணீர்த் தொட்டி, காட்டெருமை என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு நான் நிமிர்த்திய இடம் வந்தது. குரலை உயர்த்தி வாசித்தார்.

"இந்த மலைக்கு எங்கிருந்தோ வந்தவர்கள் யார்? நீங்களே சொல்லுங்கள்."

இந்தக் கேள்வியை ரஞ்சித் இதுவரை கேட்டதெல்லாம் கதவைச் சாத்திய அறைக்குள். அங்கே பதில் சொல்ல ஆளில்லை. நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள், ஒருவர்கூட எதிரே உட்கார்ந்திருக்கவில்லை. பாலகுமார் அதைச் சேலத்து அறைக்குள் நகலெடுத்தார், நான் என் கடைக்குள் அழகுபடுத்தினேன். கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள் என்பது எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை.

"நாமதான் சாமி" என்றார் மாதம்மாள். மகனுக்கு மறந்துவிட்டதே என்ற கவலை அவர் குரலில் இருந்தது. "இப்பத்தானே சொன்னோம். காஞ்சியிலிருந்து."

அரை மணி நேரம் பதில் சொல்லிப் பழகிய திடல். ஆமாம், நாமதான், நாமதான் என்று பின் வரிசை வரை ஓடியது. யாரும் கிண்டல் செய்யவில்லை. வேட்பாளர் கேட்டார், தெரிந்ததைச் சொன்னார்கள்.

வெங்கடேஷ் அண்ணன் தாளைப் பார்த்தார். 'அவர்களுக்கு இங்கே இடமில்லை' என்ற அடுத்த வரி அங்கே காத்திருந்தது. அந்த நேரத்தில் மாதம்மாள் மரியாதைக்காகப் பக்கத்தில் திரும்பினார். விருந்தாளியையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் அல்லவா?

"நீங்க எங்கிருந்து வந்தீங்க பூவாயி?"

பெரியண்ணன் ஒதுக்கிய மைக் முன்வரிசையைப் பார்த்தபடியே இருந்தது. அம்மா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னது திடலெங்கும் கேட்டது.

"நான் எங்கிருந்தும் வரலீங்க. இங்கயே லயன்லதான் பொறந்தேன்."

மாதம்மாள் சரிதான் என்று தலையாட்டினார். வெற்றிலைப் பையை மூடினார். அவருக்கு விஷயம் அத்தோடு முடிந்தது.

வெங்கடேஷ் அண்ணனுக்கு முடியவில்லை. தாளை நாலாக மடித்தார். அப்புறம் தாளில் இல்லாததைப் பேசினார்.

"முதல் நோட்டீசுல நாலாவதா ஒண்ணு இருந்துச்சுங்க. லயன்காரங்களுக்குப் பட்டா. அதை எடுத்துப் போட்டோம். அஞ்சு பேருக்குப் பயந்துட்டு எடுத்துட்டோம். தப்புங்க. அதை மறுபடியும் போடறேனுங்க."

திடல் கை தட்டியது. நான் தட்டவில்லை. முதல் வரிசையில் அம்மா மெல்லத் திரும்பி என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். எடுத்துப் போட்டோம் என்ற சொல் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சுவரில் தான் விரல் வைத்ததும், இதானே என்று கேட்டதும், நான் ம் என்றதும் சேர்ந்தே போயிருக்கும். ஜீப்பில் திரும்பும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். வாழவந்தி வளைவு வந்தது, போனது. லயன் வந்ததும் இறங்கித் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பாலகுமார் குதூகலமாகப் போன் செய்தார். ரஞ்சித் நேரலையை வெட்டி, கேள்வியையும் ஜனங்களின் முழக்கத்தையும் மட்டும் வைத்துப் போட்டிருந்தார். முழக்கத்தில் என்ன சொன்னார்கள் என்பது இசையில் அமுங்கியிருந்தது. ஒரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். அதையே பெரிய கட்சியின் பக்கத்திலும் பகிர்ந்துவிட்டாராம். மலை பொங்கிவிட்டது, பேச்சைத் திருத்திய எனக்கும் பங்குண்டு என்றார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அவரோடு எந்தப் பக்கமிருந்து பேசத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்கு வெங்கடேஷ் அண்ணன் வந்தார். முதல் ஃபைலைத் திறக்கச் சொன்னார். சேலத்தில் கேட்டால் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பட்டா விஷயத்தை முதல் வரியாகப் போட்டுவிடலாமா என்று கேட்டார்.

"நாலுலயே இருக்கட்டுங்கண்ணா. எங்கம்மா அங்கதான் தேடும்" என்றேன்.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு லயனுக்கு நடந்தேன். அன்று ஞாயிறு, பறிப்பில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுவரில் பழைய நோட்டீஸ் இல்லை. சுரண்டிய தடம் மட்டும் இருந்தது. புதியதை நீட்டினேன். முறத்தை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரலை வைத்து எண்ணினாள். நாலில் நிறுத்தினாள். நான் ஆமாம் சொல்லத் தயாராக இருந்தேன்.

இதானே என்று அவள் கேட்கவில்லை.

"படி" என்றாள்.

படித்தேன்.

"இன்னொருக்காப் படி."

படித்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வழியாக எஸ்டேட் ரைட்டர் கிங்ஸ்டன் பைக்கில் வந்தார். தினமும் காலையில் ஆள் கணக்குக்குப் பெயர் வாசிப்பவர். அம்மா எழுந்து போய் வண்டியை நிறுத்தினாள்.

"ஏனுங்க ரைட்டரே, இந்த நாலாவது வரிய மட்டும் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

கிங்ஸ்டன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, பெயர் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார். லயன், நாற்பத்தொரு குடும்பங்கள், பட்டா. ஒரு சொல்கூட மாறவில்லை. மகள் இங்கே நிற்கும்போது தன்னிடம் எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல் என்னைப் பார்த்தார்.

"அவளும் அப்படித்தானுங்க படிச்சா" என்றாள் அம்மா.

பிறகு உள்ளே போய்ப் பருக்கை தடவி ஒட்டினாள். ஒரு முனை கிளம்பியது. கூப்பிடுவாள் என்று வாசலிலேயே நின்றேன். அவளே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.